இரண்டு பெயர்கள், இரண்டும் பச்சை

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து போன் ஓயவில்லை. லேபில் கம்ப்யூட்டர் நகரவில்லையாம். பில்லிங்கில் நகரவில்லையாம். எக்ஸ்ரேயில் ஒரு படம் திறப்பதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விடுகிறாராம், அங்கிருக்கும் பையனுக்கு நக்கல் வேறு. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லி வாய் வலித்தது. ஏற்கெனவே கடைவாய்ப் பல் வேறு குடைகிறது.

ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் இருப்பது இரண்டே இரண்டு இரும்புப் பெட்டிகள். அவற்றுக்குள்தான் எல்லா வர்ச்சுவல் மெஷினும் ஓடுகின்றன. பில்லிங்குக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று ஒரே வீட்டைத் தடுத்துப் பல குடித்தனம் வைத்ததுபோல. லேபுக்கும் பிளட் பேங்குக்கும் மட்டும் மாற்று மெஷின் உண்டு; அசல் ஒரு பெட்டியில் இருந்தால் மாற்று அடுத்த பெட்டியில். ஒரு பெட்டி படுத்தால் அதிலிருப்பதையெல்லாம் மற்றது தாங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றிலும் பாதி இடத்தைக் காலியாக விட்டிருந்தோம். அது வாங்கிய புதிதில். இப்போது இரண்டிலும் மூச்சுவிட இடமில்லை.

நிர்வாகி தனசிங் சார் கூப்பிட்டார். "இருக்கதையே பெருசாக்கணுமா, புதுசா ஒண்ணு வாங்கணுமா? வெள்ளிக்கிழமை ஒரு முடிவ சொல்லுங்கம்மா. எனக்கு வெளக்கம் வேண்டாம், முடிவு வேணும்."

மூன்றாவது பெட்டி வாங்குவதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது. ஒன்று போனாலும் இரண்டு நிற்கும். யோசித்துச் சொல்லலாம்.

ஜூலை 15, செவ்வாய்

மதியம் சித்ராவோடு சாப்பாடு. முழுப்பெயர் பொன்சித்ரா. வார்டு பில்லிங்கில் இருக்கிறாள். எட்டாம் மாதம் நடக்கிறது. என் டப்பாவிலிருந்த நெத்திலி முழுவதும் அவள் வயிற்றுக்குப் போயிற்று. பிள்ளைதான் கேட்கிறதாம்.

"மொத பிள்ளைக்கே எனக்கு ரெத்தம் ஏத்துனாவள்லாக்கா. அதுல இருந்து என் ஒடம்பு ஒரு வகை ரெத்தத்த ஏத்துக்காதாம். பிளட் பேங்க் கம்ப்யூட்டர்ல என் பேருக்கு நேரா செவப்புல போட்டு வச்சிருக்காவ. நானே பாத்தேன். பெரிய ஆளு மாதிரி இருந்துச்சு" என்று சிரித்தாள்.

"கார்டு குடுத்திருப்பாங்களே, பர்சுல வச்சிருக்கியா?"

"அது வீடு மாத்தையில எங்கயோ போச்சு. அதான் கம்ப்யூட்டர்ல இருக்குல்லா? நீங்க இருக்கியள்லா?"

அந்த மெஷின் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது. மோர் குடித்தோம், எழுந்தோம்.

ஜூலை 18, வெள்ளி

மீட்டிங். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தனசிங் சார், "மணி நேத்தே சொல்லிட்டான், புதுசுதான் வேணும்னு. நீங்க என்ன சொல்லுதீங்க?" என்றார்.

மணி என்றால் சுடலைமணி. என்னோடு எட்டு வருடமாக வேலை பார்க்கிறான். என்னைவிட மூன்று வயது இளையவன், பதவியில் ஒரு படி கீழே, பேச்சில் நாலு படி மேலே. நேற்றே போய்ச் சொல்லியிருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். காரிடாரில் சார் பிடித்துக் கேட்டாராம், பதில் சொன்னானாம்.

இருப்பதிலேயே மெமரியைக் கூட்டினால் போதும் என்று சொன்னேன். பழையபடி பாதி இடம் காலியாகிவிடும், ஒன்று போனால் மற்றது தாங்கும், செலவும் குறைவு, கரன்ட்டும் ஏசியும் மிச்சம். கால் மணி நேரம் பேசியிருப்பேன். இவ்வளவு தெளிவாக நான் பேசி நாளாயிற்று.

வெளியே வந்ததும் சுடலை, "யக்கா, பழைய பெட்டிக்கு எம்புட்டு மெமரி போட்டாலும் வயசு கொறையுமா? திங்கக்கெழம நீங்களே மூணாவது வாங்கணும்னுதான சொன்னிய?" என்றான்.

"யோசிச்சேன், மாத்திக்கிட்டேன்" என்றேன்.

அவன் என் தலைக்கு மேலே போனதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் என்ன சின்னப் பிள்ளையா?

ஜூலை 19, சனி

பல்லுக்கு வேர் சிகிச்சையாம். பல் டாக்டர் மூன்று தடவை வரச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா. ஊருக்கே லீவு, வெளிநோயாளிகள் கூட்டம் இருக்காது. அதனால் மெமரி மாற்ற இன்றைக்கு நாள் குறித்திருந்தேன். தேர் இழுக்கப் போகவேண்டியவள் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தேன்.

லீவு நாளில் தேவைப்படாத மெஷின்களை அணைத்துவிட்டு, முதல் பெட்டியில் மீதி இருந்ததையெல்லாம் இரண்டாவதில் திணித்து, முதலாவதைத் திறந்து மெமரி போட்டோம். சிக்கலில்லாமல் எழுந்தது. சுடலை அதோடு நிறுத்தச் சொன்னான். "இன்னைக்கு இது போதும்க்கா. ஒரு வாரம் ஓடட்டும். அடுத்தத அப்புறம் பாப்போம்."

"அடுத்த வாரம் எந்த மாதாவுக்குத் திருவிழா? லீவு கெடைக்குமா?" என்றேன்.

எல்லாவற்றையும் முதல் பெட்டிக்கு மாற்றிவிட்டு இரண்டாவதைத் திறந்தோம். மெமரி போட்டு, மூடி, பட்டனை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றுகிறது. புதியதைக் கழற்றிப் பழையதைப் போட்டாலும் அப்படியே. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் திரையில் ஒன்றும் வரவில்லை. கம்பெனிக்காரர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: மதர்போர்டு போய்விட்டது. இந்த மாடல் நிறுத்திவிட்டார்களாம், பழைய சரக்கில் தேட வேண்டும்.

சுடலை கழற்றிய ஸ்க்ரூக்களை எண்ணி டப்பாவில் போட்டான். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 6, புதன்

ஆஸ்பத்திரி முழுக்க நம் புகழ்தான். கம்ப்யூட்டர் பறக்கிறதாம். பறக்காதா? ஒரே பெட்டி என்றாலும் இரண்டு பங்கு மெமரி. எக்ஸ்ரேயிலிருந்து ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் வந்தது. தனசிங் சார் எல்லோர் முன்னாலும் கை தட்டினார்.

தனியாக அவர் அறைக்குப் போய் இரண்டாவது பெட்டி செத்துக் கிடப்பதைச் சொன்னேன்.

"எல்லாம் ஓடுதுல்லாம்மா?"

"ஓடுது சார். ஆனா எல்லாம் ஒண்ணுலதான் ஓடுது."

"ஓடுததப் போயி ஏன் ஊரெல்லாம் சொல்லிப் பயங்காட்டணும்? போர்டு வந்ததும் மாட்டிருங்க. டாக்டர்மார் காதுல போட்டு வைக்காதீங்க."

சரி என்றேன். புதுப் பெட்டி ஒன்று அவசரமாகக் கேட்டிருக்கலாம். மூன்று வாரத்துக்கு முன்னால் வேண்டாம் என்று கால் மணி நேரம் பேசிய அதே வாயால் எப்படிக் கேட்பது?

ஆகஸ்ட் 11, திங்கள்

தரச் சான்றிதழ் ஆய்வுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் என் திரையைப் பார்த்து, "லேபுக்கும் பிளட் பேங்குக்கும் மாற்று ஏற்பாடு இருக்கா?" என்று கேட்டார்.

காட்டினேன். பிளட் பேங்க் என்று ஒரு பெயர், அதற்குக் கீழே பிளட் பேங்க் மாற்று என்று இன்னொரு பெயர். இரண்டுக்கும் பச்சை விளக்கு. அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

இரண்டும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர்கள் போனபின் சுடலை, "ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தா அது எப்படிக்கா மாத்து?" என்றான். தன் மேஜையிலிருக்கும் கம்ப்யூட்டரிலாவது பிளட் பேங்க் பதிவுகளை ஒரு நகல் எடுத்து வைக்கலாம் என்றான். நோயாளிகளின் பதிவை அப்படி மேஜையில் வைத்துக்கொள்ளக் கூடாது, விதி இருக்கிறது என்றேன். விதி இருக்கத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

போர்டு இன்னும் வரவில்லை. சென்னையில் இல்லையாம், பெங்களூரில் கேட்டிருக்கிறார்களாம். சித்ராவுக்கு இன்றோடு வேலை லீவு. போகும்போது என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். உள்ளே நல்ல உதை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பெட்டியின் விசிறி சத்தம் மாறியிருக்கிறது. சுடலைக்கும் கேட்டிருக்கிறது. எழுந்துபோய் ஏசியைக் கூட்டி வைத்தான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பத்தரை மணி வாக்கில் பெட்டி நின்றுவிட்டது. எல்லா விளக்கும் ஆரஞ்சு. ஆஸ்பத்திரியே ஒரு நொடியில் குருடாகிவிட்டது.

இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்களே வகுத்த முறை ஒன்று உண்டு. சர்வர் முழுதாக நின்றுவிட்டது என்று எல்லாத் துறைக்கும் அறிவிக்க வேண்டும். உடனே லேப் காகிதத்துக்கு மாறும். பிளட் பேங்க், பழைய பதிவு கைக்கு வரும்வரை யாருக்கு ரத்தம் கொடுத்தாலும் இரட்டிப்புக் கவனத்தோடு நோயாளி வீட்டாரைக் கேட்டு, மேல் சோதனை செய்து கொடுக்கும்.

தனசிங் சாருக்குப் போன் போட்டேன். "அரை மணி நேரத்துல வந்துருமா?" என்றார். வந்துவிடும் என்றேன். "அப்ப எதுக்குக் கலவரம்? ஸ்லோன்னு போடுங்க."

ஸ்லோ என்றுதான் போட்டேன். 'சர்வர் சற்று மெதுவாக உள்ளது. சரிசெய்யப்படுகிறது. பொறுத்துக்கொள்ளவும்.' இந்தத் தொழிலில் எல்லோரும் போடுவதுதான். பத்து வருடமாக நான் போட்டுக்கொண்டிருக்கும் வாக்கியம்தான். சுடலை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "ஸ்லோவாக்கா? செத்துப்போச்சுக்கா." வேலையைப் பார் என்றேன்.

அரை மணி நேரம் மத்தியானமாயிற்று, மத்தியானம் சாயங்காலமாயிற்று. செத்த பெட்டியின் மின்பகுதியைக் கழற்றி இதற்கு மாட்டி, நாலு மணிக்கு மேல் உயிர் வந்தது. ஒவ்வொரு மெஷினாக எழுப்பினோம். சுடலை டீ வாங்கப் போனான்.

பிளட் பேங்க் மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பெயர் வேண்டும். தெரிந்த பெயராகப் போட்டால்தான் வருவது சரியா என்று தெரியும். சித்ராவின் பெயரைப் போட்டேன். உடனே வந்தது. சிவப்பில் குறிப்பு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, பகலில் எழுதிய சீட்டுகளை பிளட் பேங்கில் இப்போதுதான் மொத்தமாக ஏற்றியதில் வந்த புதுப் பதிவு ஒன்றும் இருந்தது (அப்படி ஏற்றும்போது பழைய குறிப்பு கண்ணில் படாது): இன்று மதியம், அவசரம், இரண்டு யூனிட் ரத்தம்.

மெஷின் சரியாக வேலை செய்கிறது. மூடினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சித்ராவுக்கு நேற்று திடீரென்று வலி கண்டு, அறுவை செய்து எடுத்தார்களாம். பெண் குழந்தை. ரத்தப்போக்கு அதிகமாகிவிட்டது. புருஷன் வேல்ராஜ் கன்டெய்னர் லாரியோடு ஓசூரில் இருந்திருக்கிறான். போய்ப் பார்த்தேன். வெளுத்திருந்தாலும் நன்றாகச் சிரித்தாள். "தியேட்டருக்குள்ள வச்சே நெனச்சேன்க்கா, கீழ நீங்க இருக்கியன்னு" என்றாள்.

ரத்தம் கொடுப்பதற்கு முன் கையால் சோதித்துத்தான் கொடுத்திருப்பார்கள். அது அவர்கள் வேலை, படித்தவர்கள். நான் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது? சொன்னால், ஏன் அன்றைக்கு ஸ்லோ என்று போட்டாய் என்று கேட்பார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

சுடலை கேட்டான்: "நேத்து பிளட் பேங்க்க யாரு பேரப் போட்டு டெஸ்ட் பண்ணிய?"

"ஒம் பேரத்தான்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவினேன். நல்லாத்தான் இருப்பாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சித்ராவுக்குக் காய்ச்சல். கண் மஞ்சளாக இருக்கிறது. மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போகிறதாம், அவளே சொன்னாள். அறுவைப் புண்ணில் கிருமி என்று டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார்.

பிளட் பேங்க் பக்கம் இரண்டு தடவை போனேன். முதல் தடவை அங்கே பொறுப்பிலிருக்கும் டாக்டர் உமையாள் போனில் இருந்தார். இரண்டாவது தடவை சும்மாதான் இருந்தார். "என்னம்மா ரெஜினா?" என்றார். பிரின்டர் சரியாக ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஏன் அப்படிக் கேட்டேன்? பயம்தான். வேறென்ன.

ஆகஸ்ட் 27, புதன்

நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சித்ராவுக்கு ரத்தம் குறைந்துகொண்டே போகிறது என்று மறுபடி ஒரு யூனிட் கேட்டிருக்கிறார்கள். பெயரைப் போட்டதும் சிவப்புக் குறிப்பு டாக்டர் உமையாள் முகத்திலேயே அறைந்திருக்கிறது.

சர்வர் அறைக்கே வந்துவிட்டார். "அவ உடம்புல அந்த எதிர்ப்பு வருஷக்கணக்குல ஆனா மறைஞ்சு போயிடும், சோதனையில தெரியாது. அதுக்குத்தான் பழைய பதிவே. அன்னைக்கு எங்க ஆளு பேரைப் போட்டப்ப வெறும் பக்கம் வந்திருக்கு. ஸ்லோன்னுதானே போட்டிருந்தீங்க? பதிவே இல்ல போலிருக்குன்னு நினைச்சுட்டான். நின்னுபோச்சுன்னு சொல்லியிருந்தா ஒரு போன் போட்டு வீட்ல கேட்டிருப்பான்ம்மா. கொடுத்த ரத்தத்தை இப்ப அவ உடம்பே அழிச்சுக்கிட்டிருக்கு. கிட்னி அடைச்சிருச்சு."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்றேன்.

"ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தாக்கூட கிட்னியைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம். கிருமின்னு நினைச்சுக் கொடுத்த மருந்து வேற அதைக் கெடுத்திருக்கு."

டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. உள்ளே போகவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

சித்ரா போய்விட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

விசாரணைக் குழு. தனசிங் சார், இரண்டு டாக்டர்கள், வக்கீல் ஒருவர். கேட்டதெல்லாம் பெட்டி எப்போது நின்றது, எப்போது வந்தது, போர்டுக்கு எப்போது ஆர்டர் கொடுத்தோம் என்பதுதான். ஸ்லோ என்று போடச் சொன்னவரே கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தார். அதை அவரும் எழுப்பவில்லை, நானும் எழுப்பவில்லை. ஒருவர் குடுமி மற்றவர் கையில்.

இயந்திரக் கோளாறு என்று முடித்தார்கள். ஒன்றல்ல, இரண்டு புதுப் பெட்டி வாங்க அங்கேயே ஒப்புதல். நான் எவ்வளவு அழகாகக் கணக்குப் பேசினாலும் கிடைத்திராதது.

வெளியே சுடலை நின்றிருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "வேலைய விட்டுட்டேன்க்கா. எழுதிக் குடுத்தாச்சு."

"நீ ஏம்ல விடணும்?"

"அன்னைக்கு நான் டீயோட வரையில ஒங்க ஸ்கிரீன்ல செவப்பா கெடந்துச்சு. நீங்க மூடுனிய. எம் பேருல செவப்பு ஒண்ணும் கெடையாதுக்கா. நான் அன்னைக்கே கேட்டிருக்கணும், ஒங்க வேலன்னு விட்டுட்டேன். மூணு புள்ளைய வச்சிருக்கேன், என்னால இங்க இருந்து சோறு திங்க முடியல."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்வேன் என்றும் சொல்லவில்லை. படி இறங்கிப் போய்விட்டான்.

செப்டம்பர் 12, வெள்ளி

பிள்ளைக்குத் தடுப்பூசி போட வேல்ராஜ் வந்திருந்தான். துணைக்கு ஆளில்லை. தோளில் பை, கையில் பால் பாட்டில், பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்றே இன்னும் பழகவில்லை. என்னைத் தேடி சர்வர் அறை வாசலுக்கே வந்துவிட்டான்.

"ஒங்களயத்தான் பாக்க வந்தேன்க்கா. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நீங்க அவளுக்கு வேண்டியவிய, நீங்க சொன்னா நம்புவேன். மெஷின் என்னைக்குச் சரியாச்சு?"

"அன்னைக்கே. சாயங்காலம்."

பிள்ளையை அடுத்த கைக்கு மாற்றினான். பிறகு, "அப்போ மறுநாள் அவ சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கையில, மஞ்ச கண்டு கெடக்கையில, அந்த நாள்லாம் விசயம் உள்ளயேதான் கெடந்துச்சு. என்னக்கா?" என்றான்.

"ஆமா."

"மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு. மனுசன் ஒருத்தனுக்குக்கூடத் தெரியல. அப்படித்தான?"

என்னால் இல்லை என்று சொல்லியிருக்க முடியும். அவன் வேறு எதையும் கேட்கவில்லை, அந்த ஒன்றைத்தான் கேட்டான். கண் நேராக என் முகத்தில் இருந்தது.

"ஆமா வேல்ராஜ். யாருக்கும் தெரியல" என்றேன்.

அவனுக்குத் தோள் தளர்ந்தது. ஏதோ பாரம் இறங்கியதுபோல ஒரு பெருமூச்சு விட்டான். "தெரிஞ்சே யாரோ விட்டுட்டாவளோன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கம் கெடையாதுக்கா எனக்கு. அது இல்லன்னா போதும். அவ விதின்னு கெடந்துருவேன். நீங்களாவது உண்மையச் சொன்னியளே."

கும்பிடக் கை வேண்டியிருந்தது. அதனால் பிள்ளையை என்னிடம் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.